கழற்றி மாட்டலாம் என்று சொன்னார்கள்

லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டை மாற்ற முடியுமா என்று கேட்டால், இருபது வருஷமாகத் தொழில்நுட்ப உலகம் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறது: தாராளமாக முடியும், ஆனால் உங்களால் முடியாது.

இந்தப் பதிலுக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. இரண்டு அரச வம்சங்கள், ஏகப்பட்ட உடன்படிக்கைகள், அவற்றை மீறிய துரோகங்கள், நீதிமன்றப் படிக்கட்டுகள், சமையலறை ஓவனில் சுட்டெடுத்த மதர்போர்டுகள் எல்லாம் அதில் வருகின்றன. பள்ளிப் பாடப் புத்தகத்தில் இதற்கு இடம் கிடைக்காமல் போனதற்கு ஒரே காரணம், இதில் வருகிற எந்த மன்னரும் சாலையோரம் மரம் நடவில்லை.

மேஜைக் கணினிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எந்தக் காலத்திலும் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்று, பழைய கார்டைப் பிடுங்கு, புதியதைச் செருகு, பழையதைச் சித்தி பையன் தலையில் கட்டு, வேலை முடிந்தது. லேப்டாப்காரனுக்கோ கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு பற்றவைத்தே வந்தது. வாங்கிய அன்று என்ன எழுதியிருந்ததோ அதுதான் ஆயுசுக்கும். 2004 ஆகஸ்டில் 'டூம் 3' வந்தது. நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வந்தது. முந்தின வருஷம் தவணையில் வாங்கியிருந்த லேப்டாப்களை இரண்டும் சேர்ந்து ஒரே சீசனில் கிழடாக்கிவிட்டன.

அந்தக் காலத்துக் கேமிங் லேப்டாப்பை இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. டெல்லின் இன்ஸ்பிரான் எக்ஸ்பிஎஸ் என்ற வஸ்துவுக்குள் மேஜைக் கணினிக்கான பென்டியம் 4 சிப்பையே தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். எடை நாலு கிலோ. பேட்டரி என்பது கரண்ட் போனால் ஒழுங்காக ஷட் டவுன் செய்ய அவகாசம் தரும் உறுப்பு. பெயரில்தான் மடி இருந்தது. நிஜமாகவே மடியில் வைத்து விளையாடியவர்கள் குழந்தைகுட்டி விஷயத்தில் அவசரப்படாதவர்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் 2004 மே மாதம் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் இருக்கும் பச்சை வம்சம், அதாவது என்விடியா, ஒரு திருவாக்கு அருளியது. எம்எக்ஸ்எம் என்று அதற்குப் பெயர். கிராபிக்ஸ் சிப்பும் அதன் மெமரியும் ஒரு சின்னப் பலகையில் தனியாக இருக்கும். அந்தப் பலகையை ஸ்லாட்டில் செருகி ஸ்க்ரூ போட்டால் போதும். அடுத்த வருஷம் புதுச் சிப் வந்ததும் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குவான்டா, விஸ்ட்ரான், கிளெவோ என்று உலகத்து லேப்டாப்களை எல்லாம் பெற்றுப்போடும் தைவான் கம்பெனிகள் இதற்குத் தலையாட்டின.

கனடாவில் இருந்து ஆட்சி செய்த சிவப்பு வம்சமான ஏடிஐ இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? எல்லாருக்கும் பொதுவான தரம் ஒன்று பிறந்தால் உடனே அதற்குப் போட்டியாக இன்னொரு பொதுவான தரத்தைக் கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் குலதர்மம். ஏடிஐ அதே வருஷம் ஆக்ஸியம் என்று தனியாக ஒன்றை அறிவித்தது. ஆக்ஸியம் அதிக நாள் வாழவில்லை. அதன் சொந்தக்காரரே 2006-இல் 540 கோடி டாலருக்கு ஏஎம்டி வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டார். பிறகு சிவப்புச் சிப்புகளும் பச்சைக்காரன் வகுத்த ஸ்லாட்டிலேயே வந்து உட்கார்ந்தன.

எம்எக்ஸ்எம் தரத்தில் பலகையின் நீள அகலம் இருந்தது. கனெக்டரில் எந்தப் பின் எங்கே என்று இருந்தது. எத்தனை வாட் தாங்க வேண்டும் என்றும் இருந்தது. இல்லாத சமாச்சாரம் ஒன்றே ஒன்று. அந்தக் கார்டை உங்களுக்கு விற்கப்போவது யார்? மேஜைக் கணினிக் கார்டைச் செய்கிறவன் டப்பாவில் போட்டு, டப்பா மேல் ஒரு கவசக்காரியின் படத்தைப் போட்டு, கடையில் அடுக்குகிறான். எம்எக்ஸ்எம் கார்டைச் செய்கிறவனோ லேப்டாப் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுப்பதோடு கை கழுவிவிட்டான். அந்த லேப்டாப் கம்பெனி உங்களுக்குக் கார்டு விற்க வேண்டுமானால், அடுத்த வருஷ லேப்டாப்பை நீங்கள் வாங்காமல் இருக்க அதுவே உதவி செய்ய வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பேர் போட்டுக்கொண்ட அத்தனை பேரும் மொய் எழுதிவிடுவார்களா என்ன?

தவிர, 'ஒரே தரம்' என்றார்களே, அது நாலு வகையாக வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அளவு வாரியாக, கடைசியில் அதிக மின்சாரம் தின்கிற ஒரு தடியன். சரி, நாலையும் மனப்பாடம் செய்துவிட்டோம் என்று ஜனங்கள் மூச்சு விடுவதற்குள் எம்எக்ஸ்எம் 3.0 வந்தது. அதில் கனெக்டரே வேறு. பழைய கார்டு புதுசில் போகாது, புதுக் கார்டு பழசில் போகாது. 82-க்கு 70 மில்லிமீட்டரில் ஏ வகை, 82-க்கு 105-இல் பி வகை. எதிர்காலத்துக்கு ஏற்ற தரம் என்று வந்தது நாலைந்து வருஷத்தில் கடந்த காலமாயிற்று.

நடுவில் ஒரு பெரிய பாவம் நடந்தது. 2008 ஜூலை 2-ஆம் தேதி என்விடியா தன் பங்குதாரர்களுக்கு ஒரு செய்தி சொன்னது. சில லேப்டாப் சிப்புகள் வழக்கத்தை மீறிச் செத்துப்போகின்றன, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று. எந்தெந்தச் சிப் என்று சொல்வதில் மட்டும் பரம சங்கோஜம். சிக்கல் இதுதான்: சிலிக்கான் சில்லுக்கும் அதைத் தாங்கும் சிறு அட்டைக்கும் நடுவே நுணுக்கமான ஈயக் குமிழ்கள் இருக்கும். லேப்டாப் சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். சில்லு ஒரு அளவு விரியும், அட்டை வேறு அளவு விரியும். இந்த இழுபறியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய பசை சூட்டில் இளகிக் கைவிரித்துவிட, குமிழ்கள் விரிசல் விட்டன. திரையில் கோடு கோடாக வரும், பிறகு ஒரு நாள் எதுவுமே வராது. டெல், ஹெச்பி, ஆப்பிள் மூவரும் மாட்டினார்கள். 8600எம் ஜிடி சிப் கொண்ட மேக்புக் ப்ரோக்களுக்கு ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத்தை நீட்டித்துத் தர வேண்டியதாயிற்று.

பொதுமக்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் மானுட வரலாற்றிலேயே தனித்துவமானது. செத்துப்போன மதர்போர்டையோ கார்டையோ எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, சமையலறை ஓவனில் 200 டிகிரியில் எட்டுப் பத்து நிமிஷம் வைத்தார்கள். மேற்கத்திய நாடுகள் முழுக்க, கேக் வேக வேண்டிய இடத்தில் கிராபிக்ஸ் சிப் வெந்தது. வீட்டில் எழுந்த வாசனையைப் பற்றி மனைவிமார்கள் என்ன சொன்னார்கள் என்பது பதிவாகவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அப்படிச் சுட்ட போர்டுகள் பலதும் உயிர்த்தெழுந்தன. ஆனால் இதில் கொஞ்சம்கூட நியாயம் இல்லை. ஈயமில்லாப் பற்றாசு உருகவே 217 டிகிரி வேண்டும். சில்லுக்கு அடியில் இருந்த அந்தக் குமிழ்கள் உருக 300-க்கும் மேல் வேண்டும். ஓவனில் எதுவுமே உருகவில்லை. சூட்டில் எல்லாம் சற்று அசைந்து கொடுத்து, விரிசல் விட்ட முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டன. சில வாரமோ சில மாசமோ ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

ஓவன் இல்லாத நம் ஊரில் இந்தக் கைங்கரியத்தைச் சென்னையின் ரிச்சி தெரு ஏற்றுக்கொண்டது. மவுன்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்துகளில், மாடிப்படி ஏறினால், சிப் லெவல் சர்வீஸ் என்று போர்டு தொங்கும். ஒரு மேஜை, ஒரு ஹாட் ஏர் கன், ஒரு மைக்ராஸ்கோப். உரையாடல் அனேகமாக இப்படிப் போகும்.

"அண்ணே, டிஸ்ப்ளே வரல."

"கொண்டா. என்விடியாவா? ரீபால் பண்ணணும் தம்பி."

"பண்ணா எவ்ளோ நாள் ஓடும்ணே?"

"அது சிப்போட தலையெழுத்து."

"வாரண்டி உண்டா?"

"மாடிப்படி இறங்குற வரைக்கும் உண்டு."

ரீபால் என்பது சிப்பை மொத்தமாகப் பெயர்த்து, அதற்கும் மதர்போர்டுக்கும் இடையே இருக்கும் பற்றாசு உருண்டைகளைப் புதிதாகப் போடுவது. வேலை நுணுக்கமானது, செய்தவர்களின் கைத்திறமை நிஜமானது. ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை. விரிசல் இருந்தது சிப்புக்கு உள்ளேயே, சில்லுக்கு அடியில். கீழ்வீட்டுக் கதவை மாற்றிப்போட்டார்கள், பூட்டு உடைந்திருந்தது மாடியில். பெயர்க்கும்போது கொடுத்த சூட்டில்தான் சிப் கொஞ்ச நாள் பிழைத்தது.

அமெரிக்காவில் இது வழக்காகி, 2010-இல் சமரசமாயிற்று. ஹெச்பிக்காரர்களில் தகுதி பெற்றவர்களுக்குப் பழைய லேப்டாப்புக்கு ஈடாகப் புது லேப்டாப் தருவதாக முடிவு. ஆசை ஆசையாகக் காத்திருந்தவர்களுக்கு வந்தது காம்பாக் சிக்யூ56 என்ற, கடையிலேயே ஆக மலிவான வரிசையில் இருந்த ஒரு பெட்டி. திரையைத் திருப்பிப் பேனாவால் எழுதும் உயர்தர மாடல்களைக் கொடுத்தவர்களுக்கும் அதே பெட்டிதான். ஒப்பந்தப்படி 'அதே மாதிரியான' லேப்டாப் தர வேண்டும். அவர்களும் ஆட்சேபித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூடி திறக்கிறது, இரண்டிலும் கீபோர்டு இருக்கிறது, இதற்கு மேல் என்ன ஒற்றுமை வேண்டும்?

இந்தக் களேபரம் அடங்கிய பிறகு வந்ததுதான் பொற்காலம். 2009-இல் இருந்து 2015 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஏலியன்வேரின் எம்17எக்ஸ், எம்18எக்ஸ், கிளெவோவின் பேர் போடாத கரும் பெட்டிகள், டெல் ப்ரிசிஷன், ஹெச்பியின் வொர்க்ஸ்டேஷன்கள் எல்லாவற்றிலும் எம்எக்ஸ்எம் ஸ்லாட் இருந்தது. கார்டை அதிகாரபூர்வமாக யாரும் விற்கவில்லை, ஆனால் ஈபேயில் கிடைத்தது. செத்த லேப்டாப்களில் இருந்து கழற்றியது, தொழிற்சாலையில் மிஞ்சியது, மிஞ்சியதாகச் சொல்லப்பட்டது என்று ஷென்செனில் இருந்து கவரில் வந்து இறங்கின. சட்டபூர்வமான திருமணம் கைகூடாததால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட காலம்.

அந்த அறுவை சிகிச்சையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். அடிமூடியைக் கழற்றினதும் செம்புக் குழாய்கள் பதித்த ஹீட் சிங்க் தெரியும். அதன் ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பார்கள். குறுக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கமாக அவசரப்பட்டால் வெறும் சிலிக்கான் சில்லின் மூலை உடையும். ஹீட் சிங்க்கைத் தூக்கினால், பல வருஷத்துப் பேஸ்ட் காய்ந்து பொருக்காகி இருக்கும். மெமரி சிப்புகளின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரித் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவைதான் தெர்மல் பேட். கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்ததும் கார்டு தானாக மூக்கைத் தூக்கிச் சாய்வாக நிற்கும். அப்படியே வெளியே இழுத்துவிடலாம். புதுக் கார்டையும் அதே சாய்வில் செருகி அழுத்த வேண்டும். இதுவரைக்கும் கார்டு தயாரிப்பாளரின் வாக்குறுதி நூற்றுக்கு நூறு உண்மை.

ஹீட் சிங்க்கைத் திரும்ப வைக்கும்போதுதான் கலிகாலம் தொடங்கும். தரம் பலகையின் அளவைச் சொன்னதே ஒழிய, அதன் மேல் எந்தப் பாகம் எங்கே உயரும் என்பது கார்டைச் செய்தவர் சௌகரியம். பழைய கார்டில் பள்ளமாக இருந்த இடத்தில் புதியதில் ஒரு சதுரமான மின்சுருள் எழும்பி நிற்கும். ஹீட் சிங்க்கின் செம்புத் தட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, சில்லுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முடி நுழையும் இடைவெளி. அது போதும், இயக்கிய சில விநாடிகளில் சிப் கொதிப்பதற்கு. ஆகவே மனிதர்கள் அரம் வாங்கினார்கள். பல்லாயிரம் ரூபாய்ப் பெட்டியின் ஹீட் சிங்க்கை மொட்டை மாடியில் உட்கார்ந்து ராவினார்கள். தெர்மல் பேட் அரை மில்லியா, ஒரு மில்லியா என்பதில் சைவ வைணவச் சண்டைக்கு நிகரான இரண்டு கட்சிகள் உருவாயின.

அப்புறம் பவர் பட்டன். இருட்டுத் திரை. ஏலியன்வேராக இருந்தால் எட்டு பீப் அடிக்கும். திரையோடு பேச முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். புதுக் கார்டின் வீடியோ பயாஸும் பழைய மதர்போர்டின் பயாஸும் முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். சில மாடல்களில் பழைய பூட் முறையை விட்டு முழுக்க யுஇஎஃப்ஐ-க்கு மாறி, விண்டோஸை முதலில் இருந்து நிறுவினால்தான் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டார்கள். வேறு சிலவற்றில் வீடியோ பயாஸையே மாற்றி எழுத வேண்டும். அந்தக் காரியம் பாதியில் நின்றால், கையில் இருப்பது மிக விலை உயர்ந்த ஒரு சாவிக்கொத்து.

படம் வந்துவிட்டதா? டிரைவர் இறங்காது. உங்கள் லேப்டாப் மாடலுக்கு இந்தக் கார்டு விதிக்கப்படவில்லை என்று இன்ஸ்டாலர் மறுக்கும். டிரைவர் கோப்புறையில் ஐஎன்எஃப் என்ற கோப்பைத் திறந்து, உங்கள் கார்டின் அடையாள எண்ணை நீங்களே ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் கோப்பின் டிஜிட்டல் கையொப்பம் கெட்டுவிடும், உடனே விண்டோஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். டிரைவரும் இறங்கிவிட்டதா? இப்போது ஃபேன் சுற்றாது. வேற்று கம்பெனிக் கார்டின் வெப்பநிலையைப் படிக்க மதர்போர்டுக்குத் தெரியாததால், உள்ளே 90 டிகிரி கொதித்தாலும் ஃபேன் தியானத்தில் இருக்கும். அதை எழுப்ப இன்னொரு சாஃப்ட்வேர். இத்தனைக்கும் பிறகு விளையாட்டு ஓடினால், ஓட வைத்தவருக்கு அந்த விளையாட்டில் ஆர்வம் போயிருக்கும். அவர் விளையாட வேண்டியதை ஏற்கெனவே விளையாடி முடித்துவிட்டார்.

இந்தப் பொற்காலத்தின் மிகப் பெரிய வேடிக்கை ஆப்பிள். எந்த ஸ்க்ரூவையும் மனிதர் கண்ணில் காட்ட விரும்பாத அந்தக் கம்பெனி, 2009 முதல் 2011 வரை செய்த 27 அங்குல ஐமேக்கில் எம்எக்ஸ்எம் கார்டைப் போட்டது. முன்கண்ணாடி காந்தத்தில்தான் நின்றது. கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும். 2011 மாடலில் இருந்த 6970எம் கார்டுகள் சாகத் தொடங்கி, 2013-இல் ஆப்பிளே மாற்றித் தரும் திட்டம் அறிவித்தது. திட்டம் முடிந்த பிறகும் ஜனங்கள் விடவில்லை. டெல், ஹெச்பி லேப்டாப்களின் குவாட்ரோ கார்டுகளைப் பிடுங்கி ஐமேக்கில் நட்டார்கள். கழற்றி மாட்டுவதை வாழ்க்கையில் ஒரு தடவைகூட வாக்குறுதியாகச் சொல்லாத கம்பெனியின் பெட்டியில்தான் அது சுலபமாக நடந்தது. விஷயம் முன்கூட்டியே தெரிந்ததாலோ என்னவோ, 2012 மாடலில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள்.

சரி, கார்டை மாற்ற முடியாதவன் இருக்கிற கார்டையாவது முடுக்கிவிடலாம் என்று பார்த்தான். 2015 பிப்ரவரியில் என்விடியா புது டிரைவர் ஒன்றை வெளியிட, லேப்டாப்களில் ஓவர்கிளாக் செய்யும் வசதி மாயமாகிவிட்டது. கேட்டதற்கு, அது வசதியே இல்லை, எங்கள் டிரைவரில் தவறுதலாக நுழைந்த கோளாறு, இப்போது சரிசெய்துவிட்டோம் என்று விளக்கம் வந்தது. கூப்பாடு பலமாக எழவே, அந்தக் கோளாறைத் திரும்பக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கு இணையாகக் காட்டுவழியில் ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மாற்ற முடியாவிட்டால் வெளியே மாட்டு என்பது அவர்கள் கட்சி. 2007-இல் ஆசுஸ் எக்ஸ்ஜி ஸ்டேஷன் என்ற ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. மேஜைக் கணினிக் கார்டை அதன் வயிற்றில் போட்டு, எக்ஸ்பிரஸ்கார்டு ஓட்டை வழியாக லேப்டாப்போடு இணைக்க வேண்டும். முகப்பில் ஒரு பெரிய குமிழ் வேறு இருந்தது. கண்காட்சியில் பார்த்தவர்கள் உண்டு, கடையில் பார்த்தவர்கள் அபூர்வம். மேஜைக் கணினியில் கார்டுக்குப் பதினாறு தரவுப் பாதைகள் என்றால், எக்ஸ்பிரஸ்கார்டில் ஒன்றே ஒன்று. பிறகு சோனி 2011-இல் வயோ இசட் மாடலுக்கென்று கார்டு பொதிந்த ஒரு பெட்டியைக் கொடுத்தது. ஏலியன்வேர் 2014-இல் கிராபிக்ஸ் ஆம்ப்ளிஃபையர் என்று ஒன்றை விட்டது. அதன் கேபிள் ஏலியன்வேரைத் தவிர யாருக்கும் பொருந்தாது. 2016-இல் ரேசர் கோர் வந்தது. தண்டர்போல்ட் 3, ஒரே கேபிள், விலை 499 டாலர். அவ்வளவுக்கும் பெட்டி காலி. கார்டை நீங்கள் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த வசதிகள் எதுவும் இல்லாத ஏழை எளியவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. லேப்டாப்பின் வைஃபை கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தச் சின்ன ஸ்லாட்டில் ஒரு கேபிளைச் செருகி, அடிமூடி இல்லாமலே வெளியே இழுத்து, மேஜை மேல் அம்மணமாகக் கிடக்கும் ஒரு பெரிய கார்டில் மாட்டி, அதற்கு மேஜைக் கணினியின் பவர் சப்ளையைக் கொடுத்து, படம் பார்க்கத் தனி மானிட்டரும் வைத்துவிட்டார்கள். வைஃபை போய்விட்டதால் நெட்டுக்கு நீளமான ஒரு ஒயர். இந்த ஏற்பாட்டில் மிச்சமிருந்த லேப்டாப் என்பது கீபோர்டு மட்டும்தான். அதையும் பலர் தனியாக வாங்கி மாட்டியிருந்தார்கள்.

2016 ஆகஸ்டில் என்விடியா தன் பாஸ்கல் சிப்புகளை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தபோது, பெயரின் கடைசியில் ஒட்டியிருந்த எம் என்ற எழுத்தை எடுத்துவிட்டது. மேஜைக் கணினிக்கு நிகர் என்று பெருமை. எம்மோடு சேர்ந்து இன்னொன்றும் போயிற்று. பெரிய கார்டுகள் எம்எக்ஸ்எம் வரைந்த கட்டத்துக்குள் அடங்காமல், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு உருவத்தில் வீங்கின. பழைய பெட்டியில் இவற்றை நுழைக்க அரம் போதாது, வெல்டிங் பட்டறைதான் வேண்டும். அடுத்த வருஷம் ஏசர், பிரிடேட்டர் 21 எக்ஸ் என்ற அவதாரத்தை இறக்கியது: வளைந்த 21 அங்குலத் திரை, இரண்டு ஜிடிஎக்ஸ் 1080, இரண்டு அடாப்டர், எட்டரைக் கிலோவுக்கு மேல் எடை, 8,999 டாலர். அதே 2017-இல் தைபே கண்காட்சி மேடையில் தோல் ஜாக்கெட்டோடு தோன்றிய என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், அதற்கு நேர் எதிரான மேக்ஸ்-க்யூ என்பதை அருளினார். அதே 1080-ஐ 18 மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடைக்கலாம்.

சரித்திர ஆசிரியர்கள் இந்த இடத்தில் கம்பெனிகளைத் திட்டுவது வழக்கம். திட்டலாம்தான். ஆனால் கடையில் இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நம் கை எதை எடுத்தது? ஸ்லாட் என்றால் உயரம், உயரம் என்றால் தடிமன். நாம் ஒல்லியானதை எடுத்தோம், சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்ற சொல்லை விரும்பினவர்கள் ஏராளம், மாற்றினவர்கள் சொற்பம். கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அந்தச் சொல்லை விற்றே பேர் எடுத்தது ஏலியன்வேர் ஏரியா-51எம். மயாமியில் 1996-இல் இரண்டு நண்பர்கள் தொடங்கி, 2006-இல் டெல்லிடம் போய்ச் சேர்ந்த கம்பெனி. 2019 ஜனவரி, லாஸ் வேகஸ் கண்காட்சி. ஏறத்தாழ நாலு கிலோ, ஐ9-9900கே என்ற மேஜைக் கணினிச் சிப், ஆர்டிஎக்ஸ் 2080, இரண்டு அடாப்டர், ஆரம்ப விலை 2,549 டாலர். சிப்பையும் மாற்றலாம், கார்டையும் மாற்றலாம் என்று முழக்கம். கார்டு மட்டும் எம்எக்ஸ்எம் அல்ல. டெல் தனக்கென்று செய்துகொண்ட டிஜிஎஃப்எஃப் என்ற உருவம். உலகத்தில் ஒரே ஒரு கடையில் மட்டும் விற்கக்கூடிய பொதுப் பொருள்.

இதில் அழகு என்னவென்றால், அதிகப் பணம் கொடுத்து உச்ச மாடலை வாங்கினவருக்கு மாற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. 9900கே-தான் அன்று அந்த சாக்கெட்டின் கூரை. இன்டெலின் அடுத்த தலைமுறைக்கு வேறு சாக்கெட். கார்டில் 2080-தான் அப்போதைக்கு உச்சாணி. மலிவான கார்டோடு வாங்கினவர்களுக்கு அதே தலைமுறைக்குள் ஏறிக்கொள்ளச் சில கிட்கள் விற்றார்கள். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 2080 சூப்பர் வந்தது, புதிதாக வந்த ஏரியா-51எம் ஆர்2 மாடலில். பழைய பெட்டிக்காரருக்கு அது கிடைக்கவில்லை. 2021-இல் 30 வரிசை வந்தது. அதுவும் கிடைக்கவில்லை. அந்த வருஷமே கலிபோர்னியா நீதிமன்றத்தில், சொன்னபடி மாற்ற முடியவில்லை என்று வழக்கு தாக்கலானது. இரண்டே வயதில் பழைய லேப்டாப் என்று பெயர் வாங்கிய பெட்டி அதுவாகத்தான் இருக்கும்.

எம்எக்ஸ்எம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனை ஸ்கேன் இயந்திரங்களிலும் சூதாட்ட விடுதி மெஷின்களிலும் சௌக்கியமாக இருக்கிறது. அங்கெல்லாம் பழுதானால் கார்டைக் கழற்றி வேறு மாட்டுகிறார்கள், யாரும் அரம் தேடுவதில்லை. என்விடியாவும் டேட்டா சென்டர்களுக்கு விற்கும் மகா சிப்புகளை எஸ்எக்ஸ்எம் என்ற ஸ்லாட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரித்தான் செய்கிறது. முடியாத காரியம் என்று எதுவும் இல்லை, வாங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்தது.

கடைசியில் 2023-இல் நீரவ் படேல் என்பவரின் ஃப்ரேம்வொர்க் என்ற சின்னக் கம்பெனி, சான் பிரான்சிஸ்கோவில் இருந்து, 16 அங்குல லேப்டாப் ஒன்றை அறிவித்தது. பின்பக்கத்தில் கார்டும் அதற்கான ஃபேனும் சேர்ந்த ஒரு பெட்டி. ஹீட் சிங்க் கார்டோடு சேர்ந்தே வருவதால் ராவும் வேலை இல்லை. முதலில் ஏஎம்டியின் 7700எஸ். இன்னொன்று பின்னால் வரும் என்றார்கள். இந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். 2025 ஆகஸ்டில் நிஜமாகவே அறிவித்தார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070, பழைய பெட்டியிலேயே மாட்டிக்கொள்ளலாம், 699 டாலர்.

இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னது சொன்னபடி நடந்தது. இதற்காகவே வழக்காடி, ஐஎன்எஃப் கோப்புகளோடு மல்லாடி, செம்பு ராவிக் கை காய்த்துப்போன ரசிகர்கள் ஓடோடி வந்து விவரப் பட்டியலைப் பார்த்தார்கள். மெமரி 8 ஜிபிதானா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அந்தக் காசுக்கு மேஜைக் கணினிக் கார்டு என்ன விலை என்று விசாரிக்கப் போய்விட்டார்கள்.